டோர் நம்பர் இல்லாத ஊர்

கலிபோர்னியாவில், பசிபிக் கடலோரம், கார்மெல்-பை-தி-சீ என்று ஒரு ஊர். மொத்தப் பரப்பே ஏறக்குறைய ஒரு சதுர மைல்தான். அங்கே இரண்டு அங்குலத்துக்கு மேல் உயரமும், தரையில் படும் பாகம் ஒரு சதுர அங்குலத்துக்குக் குறைவாகவும் உள்ள குதிகால் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் நடக்க வேண்டுமென்றால் நகராட்சியில் அனுமதி வாங்க வேண்டும். 1963ல் போட்ட சட்டம். அனுமதிச் சீட்டு இலவசம். நகராட்சி அலுவலகத்தில் பெயரைச் சொன்னால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். சுற்றுலா வருகிறவர்கள் அதை வாங்கி வீட்டுச் சுவரில் மாட்டிக்கொள்கிறார்கள். ஹீல்ஸ் போட்டதற்காக அங்கே போலீஸ் யாரையும் பிடிப்பதில்லை.

கேட்டதும் சிரிப்பு வரும். "வேலை வெட்டி இல்லாத ஊர்" என்றுகூடத் தோன்றும். ஆனால் அந்தச் சட்டத்துக்குப் பின்னால் இருந்தது ஒரு வக்கீல் மூளை. ஊரெல்லாம் மரம். மரத்தின் வேர் நடைபாதையைத் தூக்கிவிடும். அதில் குதிகால் மாட்டி விழுகிறவர்கள் நகராட்சி மீது வழக்குப் போடுவார்கள். நடைபாதையைச் சமப்படுத்த வேண்டுமென்றால் வேரை வெட்ட வேண்டும். ஊர்க்காரர்கள் மரத்தைத் தொட விடமாட்டார்கள். சரி, செருப்பைத் தடை செய்துவிடுவோம் என்று முடிவெடுத்தார்கள். மென்பொருளில் நாங்கள் தினமும் செய்வதுதான் இது. பிழையைத் திருத்த முடியாதபோது பயனர் அதைச் செய்யக்கூடாது என்று ஆவணத்தில் ஒரு வரி சேர்த்துவிடுவோம்.

அந்த மரங்களை யார் நட்டார்கள் என்று தேடிப்போனால் வந்து நிற்பது ஒரு ரியல் எஸ்டேட் கம்பெனி. எனக்கு இந்த ஊர் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

அந்த நிலத்தில் ஆதியில் வாழ்ந்தவர்கள் ரும்சென் பழங்குடியினர். 18ஆம் நூற்றாண்டில் ஸ்பானியப் பாதிரிமார் வந்து மிஷன் கட்டினார்கள். 1880களின் கடைசியில் கத்தோலிக்கர்களுக்கான கோடை வாசஸ்தலம் என்று மனை போட்டு விற்கப் பார்த்த ஒரு முயற்சி ஊற்றிக்கொண்டது. பிறகு ஃபிராங்க் டெவெண்டார்ஃப் என்பவரும் ஃபிராங்க் பவர்ஸ் என்ற வக்கீலும் சேர்ந்து கார்மெல் டெவலப்மென்ட் கம்பெனியை ஆரம்பித்தார்கள். 1903ல் டெவெண்டார்ஃப் போட்ட விளம்பரம் வேடிக்கையானது. பணக்காரர்களை அவர் கூப்பிடவில்லை. பள்ளிக்கூட ஆசிரியர்களையும், நாலு சுவருக்குள் உட்கார்ந்து மூளையால் வேலை செய்கிற மற்றவர்களையும்தான் அழைத்தார். சின்னதாக முன்பணம், மீதி தவணையில். வெறும் மணலாகவும் புதராகவும் கிடந்த தெருக்களில் பைனும் சைப்ரஸும் நட்டார். ரோடு போடும்போது குறுக்கே மரம் வந்தால் ரோடு வளைந்து போனது. இன்றைக்கும் அந்த ஊரில் தெரு நடுவே மரம் நிற்கும், கார் சுற்றிப் போகும்.

சம்பளம் குறைவு, படிப்பு அதிகம், பொழுது நிறைய. இப்படிப்பட்டவர்களைக் கூட்டிவைத்தால் ஊர் எப்படி இருக்கும் என்பதற்கு மனுஷன் நடத்திய பரிசோதனை மாதிரி இருக்கிறது இது.

1905ல் ஜார்ஜ் ஸ்டெர்லிங் என்ற கவிஞர் குடிவந்தார். சான் பிரான்சிஸ்கோ பக்கத்தில் தாய்மாமாவின் நிலவணிகக் கம்பெனியில் வேலை பார்த்து வெறுத்துப்போனவர். வீட்டுக்குப் பக்கத்து மரத்தோப்பில் மண்டையோடுகளைத் தொங்கவிட்டு ஒரு பலிபீடம் மாதிரி அமைத்திருந்தார். மேரி ஆஸ்டின் வந்தார். பாலைவனத்தைப் பற்றி எழுதிப் பெயர் வாங்கியிருந்த அவர், மரத்தின் மேல் பரண் கட்டி அதில் உட்கார்ந்து எழுதினார். நீண்ட அங்கியோடு, தலையை விரித்துப் போட்டுக்கொண்டு காட்டில் நடப்பார். 1906 ஏப்ரல் 18ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவை பூகம்பமும் தீயும் தின்றபிறகு அங்கிருந்த கலைஞர்கள் பலரும் இங்கே வந்து சேர்ந்தார்கள். ஜாக் லண்டன் வந்து வந்து போவார். அப்டன் சின்கிளேர் கொஞ்ச காலம் இருந்தார்.

சின்கிளேர் லூயிஸ் என்று ஒரு பையன் 1909ல் வந்தான். அப்போது அவனுக்கு இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது. மெக்கோவன் சகோதரிகள் என்ற இரண்டு எழுத்தாளர்களிடம் செயலாளர் வேலை. அவனுக்குக் கதைக்கரு கொட்டும், பணம் வராது. ஜாக் லண்டனுக்குப் பணம் கொட்டும், கரு வறண்டுவிட்டது. 1910 மார்ச்சில் லண்டன் இவனிடம் பதினான்கு கதைக்கருக்களை எழுபது டாலருக்கு வாங்கினார். கரு ஒன்றுக்கு ஐந்து டாலர்! அதில் ஒன்றை நாவலாக எழுத ஆரம்பித்து, எப்படி முடிப்பது என்று தெரியாமல் லண்டன் பாதியில் விட்டுவிட்டார். வேறொருவர் முடித்து, ஹீல்ஸ் சட்டம் வந்த அதே 1963ல் அது வெளியானது. விற்ற பையன் 1930ல் இலக்கிய நோபல் வாங்கினான், அமெரிக்கர்களில் முதல் ஆளாக.

இந்தக் கும்பலின் சாப்பாட்டு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். கடலோரப் பாறைகளில் அபலோனி என்ற பெரிய நத்தை ஒட்டிக்கொண்டிருக்கும். கம்பியால் நெம்பி எடுத்து, ஓட்டிலிருந்து பிரித்தால் உள்ளே இருக்கும் சதை செருப்புத் தோல் மாதிரி. கல்லால் அடித்து அடித்து மெதுவாக்கினால்தான் பல்லில் இறங்கும். காசு கொடுக்க வேண்டியதில்லை. மாலையானால் கடற்கரையில் தீ மூட்டி, வட்டமாக உட்கார்ந்து அடிப்பார்கள். அடிக்கும் தாளத்துக்கு ஒரு பாட்டு. ஆளாளுக்கு ஒரு வரி சேர்க்க, நீண்டுகொண்டே போன பாட்டு. நம் ஊரில் நடவுப்பாட்டு எப்படி யாருடையது என்று சொல்ல முடியாதோ அப்படி. லண்டன் 1913ல் வெளியான 'தி வேலி ஆஃப் தி மூன்' நாவலில் இந்தக் காட்சியை அப்படியே வைத்திருக்கிறார். ஆக்லாந்து வேலைநிறுத்தத்தில் அடிபட்ட ஒரு தொழிலாளித் தம்பதி நிலம் தேடி நடந்து வருகிறார்கள். வழியில் இந்தக் கவிஞர்கள் கல்லை வைத்து நத்தையை அடித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கிறார்கள்.

1910 மே மாதம் 'லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்' ஒரு நீண்ட கிண்டல் கட்டுரை போட்டது. கலாசாரமும் காமமும் சேர்ந்து கொதிக்கிற அண்டா என்கிற தொனியில் தலைப்பு. எழுதியவர் வில்லார்ட் ஹன்டிங்டன் ரைட். பின்னாளில் எஸ்.எஸ். வான் டைன் என்ற பெயரில் துப்பறியும் கதை எழுதிக் குவித்தவர் இவர்தான். கிண்டல் செய்தால் ஊருக்கு அவமானம் என்று நினைப்போம் இல்லையா? அங்கே அது இலவச விளம்பரம் ஆனது. விசித்திர மனிதர்களைப் பார்க்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வந்தவர்களில் சிலர் மனை விலை கேட்டார்கள்.

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் அந்த ஊரைப் பற்றி எழுதுகிற எல்லோரும் சொல்வதுதான். ஜாலியான ஊர், கோமாளிக் கவிஞர்கள், நத்தைப் பாட்டு. எனக்கு அந்தத் தீயைச் சுற்றியிருந்த இருட்டும் கண்ணில் படுகிறது.

1907 நவம்பரில் நோரா மே ஃபிரெஞ்ச் என்ற இளம் கவிஞர் ஸ்டெர்லிங்கின் வீட்டில் தங்கியிருந்தபோது உயிரை மாய்த்துக்கொண்டார். வயது இருபத்தாறு. 1918ல், பிரிந்துபோயிருந்த ஸ்டெர்லிங்கின் மனைவி கேரி. 1926ல் ஸ்டெர்லிங். மூன்றும் தற்கொலை. விருந்தாளிகளை உபசரித்தது, சமைத்தது, பாத்திரம் கழுவியது எல்லாம் கேரிதான் என்பதை ஸ்டெர்லிங்கின் வாழ்க்கையைப் படித்தால் கவனிக்காமல் இருக்க முடியாது. போஹீமிய வாழ்க்கை என்று நாம் சொல்வதில் பாதி, யாரோ ஒரு பெண் சமைத்து வைத்த சோறு.

அபலோனி விஷயத்திலும் இப்படி ஒன்று உண்டு. கவிஞர்கள் பாட்டுப் பாடி நத்தை அடித்த இடத்திலிருந்து சில கிலோமீட்டர் தெற்கே பாயின்ட் லோபோஸ். அங்கே 1890களின் இறுதியிலேயே கோடானி கென்னோசுகே என்ற ஜப்பானியர் வந்து, குளிர்ந்த கடலில் முக்குளித்து அபலோனி எடுக்கும் தொழிலைத் தொடங்கிவிட்டார். நிலச் சொந்தக்காரர் ஆலனோடு கூட்டுச் சேர்ந்து டப்பாவில் அடைக்கும் ஆலையும் நடத்தினார். அதற்கும் முன்னால், 1850களிலேயே, சீன மீனவர்கள் அங்கே குடிசை போட்டிருந்தார்கள். பக்கத்து ஊரான பசிபிக் குரோவில் சீனர்களின் மீனவக் குப்பம் ஒன்று இருந்தது. நிலம் வைத்திருந்த கம்பெனி அவர்களைக் காலி செய்யச் சொல்லிக்கொண்டே இருந்தது. 1906 மே மாதம் அந்தக் குப்பம் தீயில் எரிந்துபோனது. சான் பிரான்சிஸ்கோ எரிந்து ஒரு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் வீடிழந்த ஓவியனுக்குக் கார்மெலில் தவணையில் மனை கிடைத்தது. இந்தக் குப்பத்துக்காரர்களைத் திரும்பக் குடிசை போடவே கம்பெனி விடவில்லை. ஜாக் லண்டன் ஒரே நேரத்தில் சோஷலிசமும் பேசினார், மஞ்சள் அபாயமும் பேசினார். தீயைச் சுற்றிப் போட்ட வட்டத்தில் யாருக்கு இடம் என்பது அப்போதே முடிவாகியிருந்தது.

கும்பலோடு சேராமல் தனியாக ஒதுங்கியவர் ராபின்சன் ஜெஃபர்ஸ். 1914ல் மனைவி ஊனாவோடு வந்தார். 1919ல் கடலைப் பார்த்து ஒரு கல்வீடு. அதைக் கட்டிய கொத்தனாரிடமே கையாளாகச் சேர்ந்து தொழில் கற்றுக்கொண்டு, கடற்கரைக் கல்லைத் தானே உருட்டி வந்து பக்கத்தில் ஒரு கோபுரம் எழுப்பினார். நாலைந்து வருஷ வேலை. காலையில் கவிதை, மதியத்துக்கு மேல் கல். அந்த வீட்டுக்கு மின்சாரம் வந்ததே 1949ல்தான். அடையாறில் வளர்ந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி 1930களில் கார்மெலில் வந்து தங்கியபோது இந்தத் தம்பதியோடு பழகியிருக்கிறார். அந்தச் சந்திப்பில் பேச்சு அதிகம் இருந்திருக்காது என்பது என் யூகம். ஜெஃபர்ஸ் வாய் திறக்காத மனுஷன்.

1916ல் ஊர் நகராட்சி ஆனது. அதுவரை விளையாட்டாக இருந்த குணங்கள் எல்லாம் சட்டமாக மாற ஆரம்பித்தது அதற்குப் பிறகு.

பெரி நியூபெரி என்ற பத்திரிகையாளர் 1922ல் நகரசபைக்கு நின்றார். உலகத்திலேயே எனக்கு மிகப் பிடித்த தேர்தல் விளம்பரம் அவருடையது. நல்ல ரோடு வேண்டுமா, தெருவிளக்கு வேண்டுமா, ஊர் வளர வேண்டுமா, அப்படியானால் எனக்கு ஓட்டுப் போடாதீர்கள் என்று அச்சடித்துக் கொடுத்தார். மற்ற ஊர்களெல்லாம் எதற்கு ஆசைப்படுகின்றனவோ அது கார்மெலுக்கு வேண்டாம் என்பதே அவருடைய கொள்கை. ஜெயித்துவிட்டார். நம் ஊரில் இப்படி ஒருவர் நின்றால் டெபாசிட் போகும். ஆனால் யோசித்துப் பாருங்கள், தேர்தல் வாக்குறுதியை நூற்றுக்கு நூறு நிறைவேற்றிய அரசியல்வாதி அவராகத்தான் இருப்பார். எதையும் செய்யாமல் இருந்தாலே போதுமே.

1929ல் இந்த மனநிலை முழுச் சட்டமானது. இது அடிப்படையில் மக்கள் குடியிருக்கும் ஊர், வியாபாரம் எப்போதும் அதற்குக் கீழேதான் என்று மண்டலச் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். நெடுஞ்சாலையும் ஹோட்டலும் பெட்ரோல் பங்கும் ஊர்களை விழுங்கிக்கொண்டிருந்த காலத்தில் இப்படி எழுதத் துணிச்சல் வேண்டும். அதன் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வந்தன: நியான் பலகை கூடாது, குடியிருப்புத் தெருக்களில் விளக்கோ நடைபாதையோ கிடையாது, மரம் வெட்ட அனுமதி வேண்டும். 1980களில் ஊருக்கு ஊர் ஒரே மாதிரி இருக்கும் கிளை உணவகங்களுக்கும் தடை போட்டார்கள்.

நடுவே ஹ்யூ காம்ஸ்டாக் என்பவருடைய கதை உண்டு. கட்டடக்கலை படித்தவரில்லை. மனைவி துணிப்பொம்மை செய்து விற்பவர். பொம்மைகளைக் காட்சிக்கு வைக்க ஒரு இடம் வேண்டும் என்று கேட்க, 1924ல் ஒரு குட்டி வீடு கட்டிக் கொடுத்தார். கோணல் கூரை, கோணல் புகைபோக்கி, பாட்டி கதையில் வருகிற வீடு மாதிரி. ஊர்க்காரர்கள் எனக்கும் ஒன்று, எனக்கும் ஒன்று என்று வரிசையில் நின்றார்கள். பொம்மைக்காகக் கட்டிய மாதிரி வீடுகளை இன்று வாங்க வேண்டுமென்றால் கோடிகளில்தான் பேச வேண்டும்.

சரி, டோர் நம்பருக்கு வருவோம். இந்த ஊரில் வீட்டு எண் இருந்ததில்லை. நூறு வருஷத்துக்கும் மேலாக அப்படியே இருந்தது. எண் வந்தால் தபால்காரர் வீட்டுக்கு வருவார், தபால்காரர் வந்தால் நடைபாதை வேண்டும், நடைபாதை போட்டால் மரம் போகும் என்று அவர்கள் ஒரு சங்கிலி வைத்திருந்தார்கள். அதோடு, தபாலாபீசுக்கு எல்லோரும் நேரில் போனால்தான் ஒருவரையொருவர் பார்க்க முடியும். 1953ல் எண் கட்டாயம் என்ற பேச்சு வந்தபோது, கலிபோர்னியா மாநிலத்திலிருந்தே பிரிந்துபோய்விடுவோம் என்று மிரட்டினார்கள். சொன்னவர்கள் சிரித்துக்கொண்டே சொன்னார்களா என்பதுதான் அந்த ஊரில் எப்போதும் கண்டுபிடிக்க முடியாத விஷயம்.

முகவரி எப்படிச் சொல்வார்களென்றால்: லிங்கன் தெரு, பத்தாம் அவென்யூவுக்குத் தென்கிழக்கே நாலாவது வீடு. கூடவே வீட்டுக்கு ஒரு பெயர். நான் சில வருஷம் ஒரு பில்லிங் மென்பொருளில் முகவரிப் படிவத்தைப் பார்த்துக்கொண்டேன். வீட்டு எண் என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். கட்டாயம் நிரப்ப வேண்டும். இந்த ஊர்க்காரர்கள் அதில் 0 என்று போடுவார்கள், 4 என்று போடுவார்கள், ஒருவர் ஆங்கிலத்தில் 'இல்லை' என்றே போட்டிருந்தார். சரிபார்க்கும் நிரலி எதையும் ஒப்புக்கொள்ளாது. தபால்துறையின் தரவில் அந்த வீடுகளுக்குப் பட்டுவாடாவே இல்லாததால், கணினியைப் பொறுத்தவரை அவர்கள் எங்குமே குடியிருக்கவில்லை.

பிறகு ஒரு தடவை வேலை விஷயமாக சான் ஹோசே போயிருந்தபோது சனிக்கிழமை ஒன்றில் அங்கே போனேன். கூட வேலை பார்க்கும் நண்பருக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு. கைபேசி வரைபடம் தெருமுனை வரை கூட்டிப்போய், வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்று வாழ்த்துச் சொல்லி அணைந்துவிட்டது. கும்மிருட்டு. தெருவிளக்கு இல்லாத ஊர் என்று படித்திருப்பது வேறு, நிற்பது வேறு. நாயோடு ஒரு பெரியவர் டார்ச் அடித்தபடி வந்தார். தெற்கே நாலாவது வீடு எது என்று கேட்டோம்.

"பின்னால தள்ளி ஒரு கட்டடம் இருக்கே, அதை வீடா எண்ணினீங்களா?" என்று கேட்டார்.

எண்ணவில்லை என்றோம்.

"அதை எண்ணினா இது நாலு. எண்ணலேன்னா அது நாலு. அதைப் பத்தி இங்க ரொம்ப வருஷமா தகராறு," என்றவர், யார் வீட்டுக்கு என்று கேட்டுவிட்டு, நாயை விட்டு முன்னால் நடந்தார். "இவனுக்கு அந்த வீடு தெரியும். அங்க பிஸ்கட் கிடைக்கும்."

நாய் சரியான கேட்டில்தான் போய் நின்றது. எங்கள் ஊரில் பிள்ளையார் கோயிலுக்கு எதிர்ச்சந்து, வேப்பமரம் வைத்த வீடு என்று வழி சொல்வதைவிட இது ஒன்றும் மோசமில்லை. என்ன, எங்கள் ஊரில் ஆம்புலன்ஸ்காரரும் அதே ஊர்க்காரராக இருப்பார்.

அடுத்த நாள் காலை சாப்பாட்டு மேசையில் 'கார்மெல் பைன் கோன்' கிடந்தது. 1915லிருந்து வருகிற உள்ளூர் வாரப்பத்திரிகை. அதில் வரும் போலீஸ் குறிப்புகள் ரொம்பப் பிரசித்தம். வேறு ஊரில் கொலை, கொள்ளை என்று வரும் பத்தியில் இங்கே குரைக்கிற நாய், கண்டெடுத்த பர்ஸ், கிளையை வெட்டிய பக்கத்து வீட்டுக்காரர். நான் அரைமணி நேரம் சிரித்துக்கொண்டே படித்தேன். நண்பர், "இங்க குற்றமே இல்லையா?" என்றார். வீட்டுக்காரர் யோசித்துவிட்டு, "குற்றம் பண்றவங்களுக்கு இங்க வாடகை கட்டுப்படியாகாது," என்றார்.

அந்த வாடகைக்கு வழியைக் காட்டியதில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் ஒன்றும் வருகிறது. நடிகர் கிளின்ட் ஈஸ்ட்வுட்டுக்கு ஊருக்குள் ஒரு சொத்து. அதில் கட்டடம் கட்ட நகரசபை தடை சொல்ல, அவர் வழக்குப் போட்டார். வழக்கு சமரசத்தில் முடிந்தது. கோபம் முடியவில்லை. 1986ல் மேயர் தேர்தலில் நின்றார். அவர் பேசிய பிரச்சினைகளில் ஒன்று ஐஸ்கிரீம். தெருவில் நடந்துகொண்டே சாப்பிடும் தின்பண்டம் விற்பதை ஊர்ச் சட்டம் நெருக்கிப்பிடித்து வைத்திருந்தது. ஏப்ரல் 8ஆம் தேதி 2,166 ஓட்டு வாங்கி, பதவியிலிருந்த மேயரைத் தோற்கடித்தார். எதிராளிக்கு 799. மாதச் சம்பளம் 200 டாலர். ஐஸ்கிரீம் தாராளமாக வந்தது. நகரசபைக் கூட்டத்தைப் பார்க்க உலகப் பத்திரிகைகள் வந்தன. டி-ஷர்ட் விற்றது. இரண்டு வருஷத்தில், போதும் என்று இறங்கிவிட்டார். மிஷன் பக்கத்தில் இருந்த ஒரு பழைய பண்ணையை இடித்து அடுக்குமாடி கட்டப் போகிறார்கள் என்றதும் தன் காசில் வாங்கி அதைக் காப்பாற்றியதும் அவர்தான். கட்டுப்பாட்டை எதிர்த்து ஜெயித்தவர், கட்டடத்தைத் தடுக்கக் காசு கொடுத்தார். இந்த ஊர் எப்பேர்ப்பட்ட ஆளையும் இப்படி மாற்றிவிடுகிறது.

வியாபாரிக்கு எதிராகப் போட்ட ஒவ்வொரு தடையும் மனை விலையை ஏற்றியது. புதிய வீடு கட்ட இடமில்லை, உயரக் கூடாது, மரத்தைத் தொடக்கூடாது. அப்படியானால் இருக்கிற வீடு தங்கம். கட்டுப்பாடுகளைப் போட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. உண்மையாகவே மரத்தை நேசித்தவர்கள். ஆனால் டெவெண்டார்ஃபின் விளம்பரத்தில் வந்த பள்ளிக்கூட ஆசிரியர் இன்று அங்கே ஒரு கார் ஷெட் வாங்க முடியாது. 1980ல் மக்கள்தொகை 4,707. 2000ல் 4,081. 2010ல் 3,722. 2020ல் 3,220. வீடுகள் இடிந்துவிடவில்லை, ஆட்கள்தான் குறைகிறார்கள். 2010 கணக்கெடுப்பில் பத்தில் ஏறக்குறைய நான்கு வீடுகளில் நிரந்தரக் குடியிருப்பு இல்லை. வேறெங்கோ வாழ்பவர்களின் விடுமுறை வீடுகள். நாங்கள் நின்ற தெருவின் இருட்டுக்குத் தெருவிளக்கு இல்லாதது மட்டும் காரணமில்லை. ஜன்னல்களிலும் விளக்கு எரியவில்லை. உணவகத்தில் தட்டு எடுப்பவர், அறை துடைப்பவர் எல்லாம் சீசைடிலிருந்தும் சலினாசிலிருந்தும் வந்து போகிறார்கள். ஜெஃபர்ஸ் தன் வீட்டைச் சுற்றி இரண்டாயிரம் மரத்துக்கு மேல் நட்டார். அந்தத் தோப்பில் பெரும்பகுதி இன்று மற்றவர்களின் வீட்டுமனை.

2024 ஜூலையில் நகரசபை வாக்கெடுப்பு நடத்தி, வீடுகளுக்கு எண் கொடுப்பது என்று முடிவெடுத்தது. கூட்டங்களில் வந்த புகார்களைப் பாருங்கள்: பார்சல் வராது, வங்கிக் கணக்கு திறக்க முடியாது, இன்சூரன்ஸ் வாங்க முடியாது. எல்லாவற்றுக்கும் மேலே, ராத்திரியில் மாரடைப்பு வந்தால் ஆம்புலன்ஸ் எந்த வீட்டில் நிற்பது? ஊரில் வயதானவர்களே அதிகம். எதிர்த்தவர்கள் சொன்னது பழைய காரணம்தான், எண் வந்தால் ஊரின் குணம் போய்விடும் என்று. எனக்கு மாரடைப்புக்காரர் பக்கம்தான் நியாயம் இருப்பதாகப் படுகிறது. பக்கத்து வீட்டில் ஆள் இருந்தவரை எண் தேவைப்படவில்லை. கதவைத் தட்டினால் திறந்து, அவர் வீடு அதுதான் என்று கைகாட்ட ஒருவர் இருந்தார்.

அபலோனியை இப்போது யாரும் பாறையிலிருந்து நெம்பி எடுக்க முடியாது. அளவில்லாமல் பிடித்ததாலும் நோயாலும் அருகிப்போய், 1997ல் சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே அதைப் பிடிப்பதையே மாநிலம் தடை செய்துவிட்டது. பக்கத்து ஊரான மான்டரேயில், மீன்பிடித் துறையின் மரப்பாலத்துக்கு அடியில் கூண்டு கட்டிக் கடல்பாசி போட்டு வளர்க்கிறார்கள். உணவகங்கள் வாங்கிப் போகின்றன. வளர்ப்பு நத்தையை மெல்லிசாக நறுக்கி, அதே பழைய முறையில் தட்டி, வெண்ணெயில் வதக்கிக் கொடுக்கிறார்கள். பட்டியலில் விலையைப் பார்த்துவிட்டு நானும் நண்பரும் ஆளுக்கொரு சூப் சொன்னோம்.